சக்களத்திக்கு நாலு வார்த்தை துருக்கி

நூம்பலில் அந்த வருஷம் வரைக்கும் வேற்றுப் பாஷை கற்றுக்கொண்டவர்கள் எல்லோருமே வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றுக்கொண்டவர்கள்தான். பூந்தமல்லி பட்டாள டிப்போவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு முட்டை விற்றவர்கள் மூன்று வார்த்தை இங்கிலீஷ் வைத்திருந்தார்கள். மாட்டுத் தரகு செய்தவர்கள் தெலுங்கில் சத்தியம் பண்ணத் தெரிந்துவைத்திருந்தார்கள். சக்களத்தியைத் திட்டுவதற்கென்றே ஒரு பாஷை கற்கக் கிளம்பிய முதல் ஆள் நாகவல்லிதான். அதுவும் எந்தப் பாஷை? துருக்கி!

சக்களத்தியை அவள் கண்ணால் கண்டதில்லை. பெயர் மட்டும் தெரியும். பத்லிஜான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் சரிப்படும். நாகவல்லியின் புருஷன் துலுக்கானம், டிப்போ சமையற்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவன். கல்யாணமான ஏழாம் மாதம், ஜெர்மன் சண்டைக்குப் போகிற பட்டாளத்துக்குச் சோறாக்க ஆள் வேண்டுமென்று அவனைக் கப்பலேற்றி பஸ்ராவுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் டிப்போ கிளார்க்கு அவளைக் கூப்பிட்டு, "உன் புருஷனைத் துருக்கிக்காரன் கூத்துல புடிச்சிட்டாம்மா" என்றார். கூத் என்பது ஊரின் பெயர். அது நாகவல்லிக்கு எப்படித் தெரியும்? சண்டைக்குப் போனவனுக்குக் கூத்துப் பார்க்க என்ன வந்தது என்று மூன்று நாள் கோபமாக இருந்தாள். நாலாம் நாள்தான் அழுதாள். அதன் பிறகு மூன்று வருஷம், வெள்ளிக்கிழமை தவறாமல் அவனுக்குப் பேர் கொடுத்த துலுக்கானத்தம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

1919 சித்திரையில் அவன் வந்து சேர்ந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கையில் ஒரு தகரப்பெட்டி. ஊரே கூடிக் கதை கேட்டது. பட்ட கஷ்டத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, சிரிக்க வைக்கிற கதைகளாகப் பொறுக்கியெடுத்துச் சொன்னான்.

"வரிசையா நிக்கவெச்சி பேரு கேட்டானுங்க மாமே. துலுக்கானம்னேன். ஆபீசரு எழுந்து நின்னுட்டான். இன்னொரு தபா சொல்லுன்றான். அவன் பாஷையில துர்க் கானம்னா 'என் ஒடம்புல ஓடறது துருக்கி ரத்தம்'னு அர்த்தமாம்! ஒரே சிரிப்பு. மத்தவன்லாம் ரயில் ரோட்டுக்கு மலை ஒடைக்கப் போனான், என்ன மட்டும் சமையக்கட்டுக்கு இட்டுகினு போனானுங்க. ஆத்தா பேரு என்ன காப்பாத்திட்ச்சி."

ஊர் சிரித்தது. நாகவல்லியும் சிரித்தாள். ஆனால் ஊர் கலைந்து வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஏழு மாதம் பழகி, நாலு வருஷம் பிரிந்தவர்கள். அவன் அவளைப் பக்கத்து வீட்டு அக்காளைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவளும் தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு ஓரமாய் நின்றாள். பழையபடி டிப்போ வேலைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுப்பில் எண்ணெய் காய்கிற வாசனை வந்தால் போதும், துலுக்கானம் கண்ணை மூடிக்கொள்வான். முகம் வெண்ணெயாய் உருகும். "ஆகா... பத்லிஜான்! பத்லிஜான் சோக் குஸேல்!" என்று பெருமூச்சு விடுவான். குஸேல் என்றால் என்ன என்று நாகவல்லிக்குத் தெரியாது. சோக்கு தெரியாதா? சோக்காக இருக்கிற எதையோ நினைத்து, சோறு போடுகிறவள் எதிரிலேயே ஒருவன் உருகுகிறான் என்றால், அது என்னவாக இருக்கும்?

பக்கத்து வீட்டுச் சொர்ணத்துக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "இது பொம்பள சமாச்சாரம்டி" என்றாள்.

தகரப்பெட்டியைக் குடைந்ததில் துணியில் சுற்றிய ஒரு காகிதம் கிடைத்தது. வலமிருந்து இடமாக ஓடுகிற எழுத்து. அந்தக் காலத்து நூம்பலில் உருதுக்கும் துருக்கிக்கும் வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் துலுக்கு என்று ஒரே பெயர்தான். ஆகவே இரண்டு பேரும் வளையல் வாங்கும் சாக்கில் பூந்தமல்லிக்கு நடந்து, கடைத்தெருவில் அத்தர் விற்கும் காசிம் சாயபுவிடம் காகிதத்தை நீட்டினார்கள்.

சாயபு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்தார்.

"எழுத்து நம்ம எழுத்துதாம்மா. பாஷை நம்ம பாஷை இல்ல. எனக்கு ஒண்ணும் வௌங்கல."

"தெரிஞ்சத சொல்லுங்க பாய்" என்றாள் சொர்ணம்.

"தலைப்புல இமாம்னு போட்டிருக்கு. பக்கத்துல 'பாயில்தி'ன்னு என்னமோ ஒரு வார்த்தை."

"இமாம் பாயில உக்காந்தாராமா?"

"நான் அப்படிச் சொல்லலியேம்மா. கீழ பத்லி ஜான்னு மூணு எடத்துல வருது."

நாகவல்லி ஓரடி முன்னால் வந்தாள். "அப்பிடின்னா இன்னா பாய்?"

"நம்ம பாஷைல பத்லின்னா ஒல்லி. ஜான்னா உயிரு. பொம்பளைங்களை ஆசையாக் கூப்புடுவாங்க. ஆனா இது நம்ம பாஷை இல்லியே..." என்று சாயபு இழுத்தார். பாவம், அவர் கடைசிவரைக்கும் நியாயமாகத்தான் பேசினார். "முதல் பத்லி ஜானுக்கு முன்னாடி ஆறுன்னு நம்பர் போட்டிருக்கு."

"ஆறு பேரா!" என்று சொர்ணம் அத்தர்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வழியெல்லாம் விவாதித்து, அது தேதியாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆறாம் தேதி, இமாம் பாயில் உட்கார்ந்து, துலுக்கானத்துக்கும் ஒல்லிக்கண்ணாட்டிக்கும் நிக்கா பண்ணி வைத்திருக்கிறார். இது நிக்காச் சீட்டேதான். நாகவல்லி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நாற்று நட்டு, நெல் சுமந்து, உருண்டு திரண்ட கை. அவளை எந்தப் பாஷையிலும் யாரும் பத்லி என்று கூப்பிட முடியாது.

"நீ ஒண்ணும் கேக்காத" என்றாள் சொர்ணம். "கத்திரிக்கா முத்துனா கடத்தெருவுக்கு வந்துதான் ஆவணும்."

கேட்கவும் நாகவல்லிக்குத் தைரியமில்லை. கேட்டால் அவன் இல்லையென்று பொய் சொல்வான், அல்லது ஆமாமென்று நிஜம் சொல்வான். இரண்டையும் அவளால் தாங்க முடியாது. கேட்காத வரைக்கும் பாதிப் புருஷனாவது மிச்சம். நாலு வருஷம் காத்திருந்தவளுக்குப் பாதிதானா?

அவளுடைய கவலையெல்லாம் வேறு. அந்த ஒல்லி ஒருநாள் கப்பலேறி வருவாள். ஆவடியில் ரயிலிறங்கி, ஜட்காவில் வந்து வாசலில் நிற்பாள். அப்போது நாகவல்லி திட்டியாக வேண்டும். தமிழில் திட்டினால் அவளுக்குப் புரியாது. புரியாத திட்டு ஒரு திட்டா? கல்லு மேல் தண்ணீர் ஊற்றினாற்போல் அவள் பாட்டுக்கு நிற்பாளே! சரி, கற்றுக்கொண்டுவிட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் புருஷனிடம், "யோவ், அந்தத் துருக்கி பாஷைய எனக்கும் கத்துக்குடேன்" என்றாள்.

துலுக்கானம் வாயில் வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றான். "இன்னாத்துக்குமே?"

"சும்மாதான். நீ பேசறது எனக்கும் புரிய வாணாமா?"

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள்! திரும்பி வந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்ததில்லை. குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "இன்னா வோணும், கேளு!"

"போன்னு எப்பிடி சொல்றது?"

"கித்."

"கீதா? நம்மூர்ல கீதுன்னா இருக்குதுன்னு அர்த்தம். அங்க கித்துன்னா போவா?"

"ஆமா."

"ரொம்ப வசதி" என்றாள் நாகவல்லி. இருக்கிறவளைப் போகச் சொல்வதற்குத்தானே அவள் கற்றுக்கொள்கிறாள்.

வீட்டுக்கு எவ். என்னுது என்பதற்கு பெனிம். ஆம்பளைக்கு அதாம்.

"அத்தானா?"

"அதாம்."

"அத்தான்னே சொல்லிட்டுப் போலாமே, இன்னாத்துக்கு மூக்கை அடைச்சிகினு சொல்றானுங்க?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். சக்களத்தி ஞாபகம் வந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்த வார்த்தைக்குப் போனாள். "வெக்கங்கெட்டதுன்னு எப்பிடித் திட்டறது?"

"அது உனக்கு இன்னாத்துக்கு?"

"சொர்ணத்து ஆடு நம்ம அவரைக்கொடியை மேயுதே, அதுக்குத்தான்."

"உதன்மாஸ்."

அன்றிலிருந்து சொர்ணத்தின் ஆட்டுக்கு வந்தது கேடுகாலம். கொடிப்பக்கம் தலை நீட்டினால் "உதன்மாஸ்! கித்! எவ் பெனிம்!" என்று பாடம் ஒப்பிப்பாள். பத்து நாளில் ஆடு துருக்கி புரிந்துகொண்டு ஓட ஆரம்பித்தது. தமிழில் விரட்டினால் அசைவதே இல்லை.

நாகவல்லிக்கும் என்னவோ ஆகிவிட்டது. அரிசி களையும்போது தண்ணீரைப் பார்த்து ஸு என்பாள். குடம் தூக்கும்போது பெனிம் பெனிம் என்று முணுமுணுப்பாள். டிப்போ விட்டு அவன் வருகிற நேரத்துக்குப் புதிதாக என்ன கேட்கலாம் என்று யோசித்துத் தலை வாரிக்கொள்வாள். ஒருநாள் அவள் சொன்ன உச்சரிப்பைக் கேட்டு அவன் சிரிக்க, அவன் சிரிப்பைப் பார்த்து அவள் சிரிக்க, உலை பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று. பக்கத்து வீட்டு அக்காளைப் பார்க்கிற பார்வையெல்லாம் எப்போது போயிற்றென்று இரண்டு பேருக்குமே தெரியாது. சக்களத்திக்காக ஆரம்பித்த படிப்பில் சக்களத்தியை மறந்துபோகிற அளவுக்கு அவளுக்குக் கிறுகிறுப்பு ஏறியிருந்தது.

அந்தக் கிறுகிறுப்பு ஆவணி மாதம் இறங்கியது. துலுக்கானம் வாரத்துக்கு இரண்டு நாள், டிப்போ வேலை முடிந்ததும் திருமழிசைக்குப் போய்விட்டு வருவான். அங்கே அவன் கூட்டாளி வேம்புலிக்குக் கொஞ்சம் தோட்டக்கால் உண்டு. ஒருநாள் வேம்புலியே வீட்டுக்கு வந்தான். இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நாகவல்லி சுவருக்கு இந்தப் பக்கம் வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்லிஜான் எப்பிடி கீது?" என்றான் துலுக்கானம்.

"சும்மா தளதளன்னு கீது மச்சான். மேனி இன்னா மினுமினுப்புன்ற! ஊட்ல சொல்ட்டியா?"

"இன்னும் இல்ல. வெள்ளிக்கெயமை நேரா ஊட்டுக்கே கொண்டாந்து, வல்லி எதிர்ல நிறுத்தறேன். அவ மூஞ்சி எப்பிடி மாறுதுன்னு பாக்கணும்."

நாகவல்லியின் கையிலிருந்த சாணி நழுவிக் கீழே விழுந்தது. கப்பலாவது ரயிலாவது! அவள் எப்போதோ வந்துவிட்டாள். திருமழிசையில் வைத்திருக்கிறான்!

அன்று முழுக்க அவள் துருக்கி பேசவில்லை. தமிழும் பேசவில்லை. மறுநாள் எழுந்து மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "அழுது வடிஞ்சிகினு நிக்கமாட்டேன்" என்று சொர்ணத்திடம் சொன்னாள். சொர்ணத்திடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை வந்தது. நாகவல்லி மஞ்சள் பூசிக் குளித்தாள். கல்யாணத்துச் சிவப்புச் சேலையைக் கட்டினாள். ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்து, துடைப்பக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தெருவில் பதினோரு பெண்கள், அன்றைக்குப் பார்த்து வாசலில் உட்கார்ந்து முறத்தில் கல் பொறுக்கினார்கள். அரிசியை யாரும் பார்க்கவில்லை.

தெருமுனையில் துலுக்கானம் தெரிந்தான். தலையில் ஒரு பெரிய கூடை, மேலே துண்டு போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வேம்புலி. இரண்டு பேருக்கும் பத்தடி பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பில் ஒரு குண்டானோடு ஒரு பெண். நூம்பலில் யாரும் பார்த்திராத முகம். புதுச்சேலை. ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி.

"வந்துட்டாடி!" என்று சொர்ணம் முறத்தைப் போட்டாள்.

நாகவல்லிக்குக் கண் இருண்டது. அப்புறம் சிவந்தது. ஆம்பளைகள் இரண்டு பேரையும் தாண்டிப் பாய்ந்து அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்றாள். மூன்று மாதப் பாடம் அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. "கித்! உதன்மாஸ்! எவ் பெனிம்! அதாம் பெனிம்! கித்! கித்! கித்!"

முதலில் ஓடியது ஆடு.

அந்தப் பெண்ணுக்கு ஓடவும் கால் வரவில்லை. சிவப்புச் சேலை, பெரிய பொட்டு, உருட்டிய விழி, மனுஷருக்குப் புரியாத பாஷை. இதற்கு மேல் என்ன வேண்டும்? குண்டானைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நாகவல்லியின் காலில் விழுந்தாள்.

"ஆத்தா! தாயே! இன்னா கொறை வெச்சேன், சொல்லு! ஐயோ, யாராச்சும் ஓடியாங்களேன், துலுக்கானத்தம்மா எறங்கிகீறா!"

அவ்வளவுதான். கல் பொறுக்கிக்கொண்டிருந்த பதினோரு பேரில் ஆறு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி வேப்பிலை ஒடிக்க ஓடினாள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து தலையில் ஊற்றியே விட்டாள். யாரோ ஒரு மகராசி, தன் மருமகளுக்கு எப்போது பிள்ளை உண்டாகும் என்று குறி கேட்டாள்.

மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட நாகவல்லி, காலடியில் கிடந்தவளைப் பார்த்தாள். "இன்னாடி இது, தமிழ் பேசறா?"

"என் பொண்டாட்டிதாங்க அண்ணி, குப்பம்மா" என்றான் வேம்புலி. வெலவெலத்துப் போயிருந்தான். "ஆனி மாசம் கட்டிகினேன். விருந்துக்குக் கூப்புட்டாரேன்னு இட்டாந்தேன். அவ கையில கீறது நல்லெண்ணெ."

"அப்ப பத்லிஜான் எங்க?"

துலுக்கானம் கூடையை இறக்கினான். "உனக்கு எப்பிடி அது தெரியும்? கெட்டுது போ, எல்லாத்தையும் நீயே கண்டுபுடிச்சிட்டியா!" என்று துண்டை எடுத்தான்.

கூடை நிறையக் கத்திரிக்காய். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். கறுப்பும் ஊதாவுமாய், எண்ணெய் தடவினாற்போல் மினுமினுவென்று.

"பத்லிஜான்" என்றான் துலுக்கானம், பெண்ணைப் பெற்றவன் மாதிரி பெருமையாக. "சோக் குஸேல்... ரொம்ப அயகு. துருக்கி சமையக்காரன் விதை முடிஞ்சி குடுத்தான். எண்ணெய்ல எப்பிடி வதக்கறதுன்னு சீட்டும் எழுதிக் குடுத்தான். ஆறு காய்க்கு எவ்ளோ வெங்காயம், எவ்ளோ பூண்டுன்னு அல்லாம் அதுல கீது. 'இமாம் பாயில்தி'ன்னு அதுக்குப் பேரு. தின்னுட்டு ருசி தாங்காம இமாமே மயக்கமா உயுந்துட்டாராம். சண்டைக்குப் போனவன் கத்திரி விதை கொண்டாந்தான்னா ஊரு சிரிக்கும், காய்ச்சப்புறம் காட்டிக்கலாம்னு இருந்தேன்..."

நாகவல்லி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். சொர்ணம் எங்கேயோ பார்த்தாள். அப்புறம் யார் முதலில் சிரித்ததென்று தெரியாது. நிக்காச் சீட்டுக் கதையெல்லாம் வெளியே வர, தெருவே சிரித்தது. குப்பம்மா மட்டும், எதற்கும் இருக்கட்டுமென்று இன்னொரு தரம் கும்பிட்டுக்கொண்டாள்.

காயில் பாதியை அந்தத் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. மீதியைத் துலுக்கானம் அவன் கையாலேயே பிளந்து, வெங்காயமும் பூண்டும் சீமைத் தக்காளியும் திணித்து, எண்ணெயில் மிதக்கவிட்டு வதக்கினான். வேம்புலியும் குப்பம்மாவும் சாப்பிட்டுவிட்டு, இமாம் செய்தது தப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போகும் வரைக்கும் நாகவல்லி தலை நிமிரவில்லை.

துலுக்கானம் அவள் தட்டில் ஒரு காயை வைத்தான். "அப்ப அந்த மூணு மாசமும் சக்களத்திய வெரட்டத்தான் படிச்சியா? நான் ஏதோ என் மேல ஆசைன்னு நெனச்சிகினு கெடந்தேன்."

"ஆசை இல்லாமத்தான் வெளக்கமாத்த எடுத்துகினு நின்னேனா?" என்றாள் அவள். "உன்ன வுட்டுக்குடுக்க முடியலய்யா. பாதிகூட வுட்டுக்குடுக்க முடியல."

அவன் விரலால் தட்டிலிருந்த எண்ணெயில் கோடு போட்டான்.

"நான் எதுக்குக் கத்துகினேன்னு நீ கேக்கவே இல்லியே வல்லி" என்றான். "புடிச்சிகினு போறப்போ, வழியில எத்தினியோ பேரு உயுந்துட்டாங்க. உயுந்தவன அங்கியே வுட்டுட்டு நடக்கச் சொன்னான். நான் ஒரு சிப்பாய்கிட்ட என் ரொட்டியக் குடுத்து, ரெண்டே ரெண்டு வார்த்தை வாங்கினேன். நடக்கறப்போ அதையே சொல்லிகினு நடந்தேன். ஆபீசருகிட்ட சொன்னேன், டாக்டருகிட்ட சொன்னேன், ரயிலுகிட்டகூட சொன்னேன். பைத்தியம்னானுங்க. காரம் வார், காரம் வார்."

"அப்பிடின்னா?"

"எனக்குப் பொண்டாட்டி கீறா."

நாகவல்லியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதோடு கூடவே, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது.

"பொண்டாட்டிக்கு காரம்னா பேரு வெச்சிகீறானுங்க?"

"என் பொண்டாட்டின்னா காரம்."

"வெவரமானவனுங்கதான்" என்று மூக்கை உறிஞ்சினாள். "இன்னொரு தபா சொல்லு."

"காரம் வார்."

"ஒரக்கச் சொல்லு. சொர்ணத்து ஊட்டுக்குக் கேக்கணும்."

துலுக்கானம் எழுந்து வாசலுக்கே போய், கையை வாயருகில் குவித்துக்கொண்டு, மலையே எதிரொலிக்கிற மாதிரி கத்தினான். "காரம் வார்!"

பக்கத்து வீட்டிலிருந்து சொர்ணத்தின் குரல் அக்கறையாக வந்தது. "காரம் ஜாஸ்தியாப் பூட்ச்சா? மோரு குடுத்தனுப்பட்டாடி?"

"வாணாங்க்கா!" என்று நாகவல்லி உள்ளேயிருந்தே கத்தினாள். "எங்க ஊட்டுக்காரரு தாங்குவாரு!"